நாடா பின்னால் போகாது

பேசுகிறவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. பெருமையாகச் சொல்லவில்லை, தொழில் கொடுத்த வியாதி. காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் கண்டக்டராகக் காலம் தள்ளியவன் நான். முகூர்த்த நாளில் படியில் தொங்குகிறவர்களையும் சேர்த்து எண்பது பேர் ஏறினால், அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் எண்பது பேருக்கும் டிக்கெட் கிழித்தாக வேண்டும். "மாக..." என்று ஒருவர் வாயைத் திறக்கும்போதே மாகறல் டிக்கெட்டை அவர் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போயிருப்பேன். முழுப் பெயரையும் சொல்லி முடித்த பயணிகள் என் வண்டியில் குறைவு.

ரிட்டையர் ஆன பிறகும் இது போகவில்லை. ஒரு நாள் என் மனைவி சமையலறையிலிருந்து "குழம்புக்கு..." என்று ஆரம்பித்தாள். புளி தீர்ந்துபோச்சு என்கிறாள் என்று நானாகவே முடிவு செய்து, பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் புளி வாங்கி வந்தேன். உப்பு போதுமா என்று ருசி பார்த்துச் சொல்லக் கூப்பிட்டாளாம். அந்தப் புளி ஆறு மாதம் வந்தது.

கம்ப்யூட்டர் என் மகளுடையது. கல்யாணமாகி பெங்களூர் போகும்போது, இனி இது ஓடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஓடாத வண்டியை ஓட்டிப் பழகியவனிடம் சொல்கிற பேச்சா அது? மூடியைக் கழற்றி, ஒரு படி தூசியைத் தட்டி, ஓட வைத்தேன். பெட்டியில் கிடந்த கேசட்டுகளை அதில் ஏற்றலாம் என்று யாரோ சொல்ல, பரணிலிருந்து பழைய டேப் ரெக்கார்டரை இறக்கினேன். ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர், நாடா உரசுகிற ஹெட்டைத் துடைக்கக் கொஞ்சம் ஸ்பிரிட்டும் பஞ்சும், இலவசமாகக் கிடைக்கிற ஒரு சாஃப்ட்வேர், அவ்வளவுதான் முதலீடு. கேசட் ஓட ஓட, குரல் திரையில் கோடு கோடாக எழும்பிக்கொண்டே போகும். பேச்சு இருக்கிற இடம் புதர் மாதிரி அடர்ந்திருக்கும், மௌனம் இருக்கிற இடம் மெல்லிய கோடு. வேண்டாததை மவுஸால் பிடித்து அழித்துவிடலாம். முதல் நாள் அதைச் செய்து பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுத்தவர் பேச்சை நடுவில் வெட்டுவதற்கென்றே ஒரு கருவியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் பேச்சு பரவி, ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். திருப்புட்குழியிலிருந்து ஒருவர் தன் கல்யாணத்து நாதஸ்வரத்தைக் கொண்டுவந்தார். காலனி சர்ச்சிலிருந்து கிறிஸ்துமஸ் பாட்டுக் கேசட்டுகள் ஒரு கோணிப்பை நிறைய வந்தன. எல்லாவற்றையும் இரைச்சல் நீக்கி, இருமல் நீக்கி, நாற்காலி இழுக்கிற சத்தம் நீக்கி, சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவர்கள் புதுசு மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

அப்படி இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்தப் பெண் வந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. சோப்பு டப்பாவுக்குள் துணி சுற்றி ஒரே ஒரு கேசட் கொண்டுவந்திருந்தாள். "சார், இது..." என்றாள். "கம்ப்யூட்டர்ல ஏத்தணும், அதானே" என்றேன். தலையாட்டினாள். "எங்க..." என்றாள். "அம்மா குரலா, அப்பா குரலா?" என்றேன். அப்பா என்ற இடத்தில் தலையாட்டினாள். உறைமேல் எழுதிவைக்கப் பேர் கேட்டேன். பையிலிருந்து கம்பெனி அட்டையை எடுத்து நீட்டினாள். பார்த்து எழுதிக்கொண்டேன். அடக்கமான பெண், அதிகம் பேசாத சுபாவம் என்று மனசுக்குள் சர்டிபிகேட் கொடுத்தேன்.

அவள் சொன்னது கொஞ்சம், நான் நடுநடுவே எடுத்துக் கொடுத்தது கொஞ்சம் என்று விஷயம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. அவளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் அப்பா போய்விட்டார். ஊர்க் கிணற்றில் தூர் வார இறங்கினவர்மேல் மண் சரிந்துவிட்டது. பழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்காகச் சாமான்களை வெளியே எடுத்தபோது, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இந்தக் கேசட் இருந்திருக்கிறது. என்ன இது என்று கேட்டதற்கு, உனக்குப் பேர் வைத்த சமயத்தில் உங்கப்பன் பேசியது என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா வேலையைப் பார்க்கப் போய்விட்டாளாம். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அவர்கள் பக்கத்தில் குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்று அப்பன் அதன் காதில் மூன்று தடவை பேரைச் சொல்லவேண்டும். அந்த மூன்று தடவையும் இதில் இருக்கிறதா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டும். அப்பா தன் பேரைச் சொல்லி எப்படிக் கூப்பிட்டார் என்று ஒரே ஒரு தடவை கேட்கவேண்டும். இதை மட்டும் என் உதவி இல்லாமல் அவளே சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னாள்.

கேசட் மோசமான நிலையில் இருந்தது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்து போயிருந்தது. பழைய கம்பளியிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். பேனாவைக் கேசட் சக்கரத்தின் பல்லில் விட்டுச் சுற்றும்போதே ஆரம்பத்தில் ஒரு இடம் பட்டென்று அறுந்தது. நல்லவேளை, அது பேச்சு ஆரம்பிப்பதற்கு முந்தின வெற்று நாடா. ஒட்டி எடுத்து, பிள்ளையாரைக் கும்பிட்டு, ஓடவிட்டேன்.

வந்த குரல் பெரிய மனிதர் குரலாகவே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை கீச்சுக்குரலில் கத்துகிற மாதிரி இருந்தது. இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். பேட்டரிக் கட்டை தீர்ந்துபோனால் அந்தக் காலத்தில் யார் உடனே தூக்கிப் போட்டார்கள்? வெயிலில் காயவைத்து, பல்லால் ஒரு கடி கடித்து, திரும்பப் போடுவோம். அப்படிப்பட்ட கட்டையில் பதிவு செய்தால் மோட்டார் மந்தமாகச் சுற்றும். பிறகு நல்ல கரண்டில் போட்டுக் கேட்டால் பேச்சு ஓட்டமும் கீச்சுமாக இருக்கும். ஆகவே வேகத்தைக் குறைக்கவேண்டும். எவ்வளவு குறைக்க? அந்த மனிதரின் குரலை நான் கேட்டதில்லையே.

அதற்கும் ஒரு வழி கிடைத்தது. பேச்சுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு பஸ் ஹாரன். கீச்சென்று ஸ்கூட்டர் ஹாரன் மாதிரி கேட்டாலும் அது எங்கள் வண்டி ஹாரன்தான். அந்தக் காலத்து எங்கள் டெப்போ வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தொண்டை. பெற்ற பிள்ளை குரலைக்கூட மறப்பேன், அதை மறக்கமாட்டேன். அவர்கள் ஊர் மெயின் ரோட்டு ஓரம்தான், என் வண்டியாகக்கூட இருந்திருக்கலாம். ஹாரன் சரியான கனத்துக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை இறக்கினேன். ஹாரன் ஹாரனாக ஆனபோது பேசுகிறவரும் இளம் ஆண்பிள்ளையாக ஆகிவிட்டார். அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல குரல் என்றாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தொல்லை. பேச்சு நடுவே அங்கங்கே தட்டியது. ஒரு எழுத்து வந்து நின்று, அதே எழுத்து திரும்பத் திரும்ப ஏழெட்டுத் தடவை வந்து, பிறகு சொல் கிளம்பியது. சில இடங்களில் சத்தமே இல்லாமல் இறுகி நின்றது. என் கம்ப்யூட்டருக்கு அந்த வியாதி உண்டு. பதிவாகிக்கொண்டிருக்கும்போது வேறு எதையாவது திறந்துவிட்டால் மூச்சுத் திணறி ஒரே சத்தத்தை நாலைந்து தடவை துப்பும். சர்ச் பாட்டில்கூட ஒரு "அல்லேலூயா" ஒன்பதாகியிருந்தது. இதுவும் அதுதான் என்று முடிவுகட்டினேன். சந்தேகமிருந்தால் கேசட்டை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கவேண்டும். நாடா அறுந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், எனக்குத் தெரியாததா என்ற எண்ணம் இன்னொரு பக்கம். ஓட்டவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினேன். திரும்பி வந்த எழுத்துகளை எல்லாம் பிடித்துப் பிடித்து அழித்தேன். ஏரிக்கு இந்த வருஷம் தண்ணீர் வந்துவிட்டது, வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது என்று குழந்தையிடம் அவர் சொல்கிற செய்திகள் அழகாகக் கோத்துக்கொண்டு வந்தன. கடைசியில் பேர். அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்து, நிறுத்தி, திரும்ப ஆரம்பித்து, ஏதோ முனகி, பிறகு சிரித்து, அங்கே ஒரே குழப்பம். முனகலை எடுத்தேன். சிரிப்பை எடுத்தேன். பேர் மட்டும் மூன்று தடவை, மணி அடித்த மாதிரி சுத்தமாக வந்தது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்கூட அவ்வளவு திருத்தமாகச் சொல்லமாட்டார்.

ஆறு நிமிஷத்துக்கு மேல் இருந்தது இரண்டரை நிமிஷமாகியிருந்தது. பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கிறதே என்று எனக்கு உறைக்கவில்லை. டைமுக்கு முன்னாலேயே வண்டியைக் கொண்டு சேர்த்துவிட்ட திருப்திதான் இருந்தது. கம்ப்யூட்டரில் இடமும் இல்லை. வெட்டியதையே பழைய பதிவின்மேல் சேமித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். பேர் வருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பப் போடச் சொல்லிக் கையால் காட்டினாள். ஐந்தாறு தடவை போட்டேன். அழுதாள் என்று சொல்லமுடியாது, கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ரிட்டையர் ஆன பிறகு உருப்படியாக ஒரு வேலை செய்திருக்கிறேன் என்று தோன்றியது. போனில் ஏற்றிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு அம்மாவோடு வந்தாள். அம்மா என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருக்கலாம். கழனி வேலை செய்து காய்ந்த உடம்பு. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மகள் கையிலிருந்த போனைக் காட்டி, "கண்டக்டரே, இதுல பேசறது யாரு?" என்றாள்.

உன் வீட்டுக்காரர்தானம்மா என்றேன். கட்டை தீர்ந்துபோன கதையை, வேகம் குறைத்த கதையை, பஸ் ஹாரன் கதையை எல்லாம் சொன்னேன். கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன். இரண்டு நாள் உழைப்பு, அதைப் போய் யார் என்று கேட்டால்? அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"கொரலு அவுருதுதான். பேசறது அவுரு இல்ல" என்றாள். "திக்கித் திக்கி பேசிக்கினு இருப்பாரே, அது எங்க?"

சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

இப்போது உறைத்தது. நாடா பின்னால் போகாது. அறுபடும், சுருங்கும், இழுபடும், மந்தமாகும், ஆனால் போன இடத்துக்குத் திரும்பிப் போய் அதே எழுத்தை இன்னொரு தடவை சொல்லாது. கம்ப்யூட்டர் திணறினால் அச்சு எடுத்த மாதிரி ஒரே சத்தம்தான் வரும். இங்கே ஒவ்வொரு எழுத்தும் வேறு வேறு மாதிரி, ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தது. இரண்டு நாளும் அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் வெட்டியிருக்கிறேன். ஒரு மனிதன் தன் குழந்தையின் பேரைச் சொல்லப் பட்ட பாட்டைக் குப்பை என்று கூட்டி வெளியே தள்ளியிருக்கிறேன்.

மகள் வாயைத் திறந்தாள். "அ... அ... அப்..." உதடு ஒட்டிக்கொண்டு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதுதான் எனக்கு அதுவும் விளங்கியது. அடக்கமான சுபாவமும் இல்லை, ஒன்றும் இல்லை. பேர் கேட்டால் அட்டையை நீட்டுகிற பெண். நான் பாதியில் பிடுங்கி முடித்துவைத்த வார்த்தை ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. இப்போதும் என் வாய் தயாராகத்தான் இருந்தது, அப்பாவுக்குமா என்று கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு அது லேசாக இல்லை.

"அப்பாவுக்கும்... இது... இருந்துதா?" என்று முடித்தாள்.

"இருந்துச்சி" என்றாள் அம்மா. "ஒன்ன விட ஜாஸ்தியா இருந்துச்சி."

பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். என் மனைவி கொடுத்த டீயை ஆறவிட்டுக்கொண்டே, இத்தனை வருஷமும் பெட்டியில் வைத்திருந்ததை எல்லாம் சொன்னாள்.

தாமலில் அவளுடைய பிறந்த வீட்டில்தான் பேர் வைக்கிற விசேஷம். முதல் பெண்ணுக்கு அப்பனின் அம்மா பேரை வைப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பேர் உதட்டை ஒட்டிச் சொல்லவேண்டிய எழுத்தில் தொடங்கியது, அவருக்கு வரவே வராத எழுத்து. வேறு பேர் வைக்கலாம் என்று இவள் சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஆனால் கல்யாணத்திலேயே இவள் தம்பிமார்கள் அவரைப் போலத் திக்கிப் பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று தடவை பேர் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. மைக் செட்காரரிடம் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி, யாரும் இல்லாத வீட்டில் உட்கார்ந்து, திக்காமல் மூன்று தடவை சொல்லிப் பதிந்துவிட்டால் அதையே குழந்தையின் காதில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தனியாக உட்கார்ந்தும் வரவில்லை. கட்டை தீர்கிற வரைக்கும் வரவில்லை. விசேஷத்தன்று கேசட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தாராம். இவள் அண்ணன்தான் பேர் சொன்னார். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, நீ மட்டும் கேள் என்று இவள் கையில் கொடுத்திருக்கிறார்.

"மறுநாளு வூட்டுல யாரும் இல்லாதப்ப ஒங்காதாண்ட வெச்சேன்" என்றாள் மகளிடம். "அவரு பேசற வரிக்கும் அயுவாம கேட்டுக்கினு இருந்த. அதான் நான் வெச்ச பேரு. எங்கண்ணன் சொன்னது கணக்குல இல்ல."

இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று மகள் கேட்கவில்லை, பார்த்தாள். அம்மாவே சொன்னாள். பேசத் தொடங்கின வயதில் மகளுக்கும் வந்துவிட்டது. வம்சத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? தெருவில் ஆடு வாங்க வருகிற ஒரு திக்குவாய்க்காரரை மகள் சின்னதில் கேலி செய்ததுண்டு. அதனால்தான் ஒட்டிக்கொண்டது என்று ஊருக்கும் சொல்லி, இவளுக்கும் சொல்லி வளர்த்துவிட்டாள். மகள் அதை முழுக்க நம்பியிருக்கிறாள். பதினாலு வயதில் திருவிழாக் கடைத்தெருவில் அந்த மனிதரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனாளாம். எதிரில் போய் நின்று வாயைத் திறந்தாள், திக்கியதே தவிர ஒரு வார்த்தை வரவில்லை, தன்னை மறுபடி கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் போய்விட்டாராம். இதை மகள்தான் சொன்னாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரமும் அம்மா தலை குனிந்துகொண்டிருந்தாள்.

"தப்புதான்" என்றாள் கடைசியில்.

பிறகு என் பக்கம் திரும்பி, நான் கண்டக்டர் என்பதாலோ என்னவோ, இன்னொன்றும் சொன்னாள். அவர்கள் ஊர்ப் பேரும் அதே எழுத்தில்தான் தொடங்கும். காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் அவரால் அதைச் சொல்லமுடியாது. உத்திரமேரூர் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு நடுவிலேயே இறங்கிவிடுவாராம். உத்திரமேரூர் என்றால் தடை இல்லாமல் வருமாம்.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். ஒருவரா, இரண்டு மூன்று பேரா என்று இப்போது சொல்லமுடியவில்லை. சரியான சில்லறையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் "உத்திரமேரூர்" என்பார்கள். பாதி வழியில் இறங்குவார்கள். காசு கொழுத்துப்போச்சா, இறங்குகிற ஊருக்கு டிக்கெட் வாங்கத் தெரியாதா என்று வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி நக்கலடித்திருக்கிறேன். வண்டியும் சிரித்திருக்கிறது. அவர்தான் அதில் ஒருவரா? முகம் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த அம்மாளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

பழைய பதிவு அழிந்துபோனதைச் சொன்னேன். கேசட்டை இன்னொரு தடவை ஓட்டினால்தான் உண்டு, நடுவில் அறுந்தாலும் அறுந்துவிடும், அறுந்தால் நான் வெட்டி வைத்திருப்பதுதான் மிச்சம் என்றேன். இதற்கு மேல் ஒளிக்க எனக்கும் தெம்பில்லை.

"அவுரு எப்டி வரணும்னு ஆசப்பட்டாரோ அப்டியேதான் நீ பண்ணிக்கீற. ஒரு தட்டு தடங்கல் இல்ல. அவுரு கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு. எனக்குத்தான் அது வாணாம்" என்றாள் அம்மா. பிறகு மகளைப் பார்த்தாள். ஓட்டட்டுமா என்று நானும் அவளைத்தான் பார்த்தேன். தலையை ஆட்டினாள்.

ஹெட்டைத் துடைத்தேன். போதாது என்று என் மனைவி பஞ்சை வாங்கி இன்னொரு தடவை துடைத்துக் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றையும் மூடினேன். ஃபேனையும் நிறுத்தினேன். கேசட்டை ஓடவிட்டேன். ஒட்டுப் போட்ட இடம் கறக்கென்று ஒரு சத்தத்தோடு தாண்டியது. பிறகு குரல் வந்தது, அதே பிள்ளைக் கீச்சில்.

முழுக்க ஓடியது. அறுந்துபோகவில்லை.

வேகத்தை மட்டும் இறக்கினேன், ஹாரன் ஹாரனாகும் வரை. வேறெதையும் தொடவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். ஏரிக்குத் தண்ணீர் வந்த சேதியைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆகியது. ஆட்டுக்குட்டிச் சேதிக்கு இன்னும் கூட. பிறகு பேர். முதல் தடவை உதடு ஒட்டிக்கொண்டது திரையில் மெல்லிய கோடாக நீண்டுகொண்டே போனது. பத்து நாளைக்கு முன்னால் நான் அழித்த கோடு. அதற்குள் இவ்வளவு பாடு இருந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் வந்தது. இரண்டாவது தடவை பாதியில் உடைந்தது. சே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து பிடித்து, கொண்டுவந்து சேர்த்தார். மூன்றாவது தடவைதான் ரொம்ப நேரம். அது வந்ததும் சிரித்தார். தோற்றவன் சிரிப்பில்லை, சுமையைத் தலையிலிருந்து இறக்கிவைத்தவன் சிரிப்பு. அதைத்தான் நான் சத்தம் என்று எடுத்துப் போட்டிருந்தேன்.

அம்மாவும் சிரித்தாள். "ஆங், இதான் அவுரு" என்றாள்.

மகள் அழுதுகொண்டே கேட்டாள். போன தடவை மாதிரி இல்லை, வாய்விட்டு அழுதாள். அம்மா அவள் முதுகில் கை வைத்தாள், மகள் அதைத் தட்டிவிடவில்லை. முப்பது வருஷத்துப் பொய் ஒரே காலையில் தீர்ந்துவிடுமா என்று எனக்குத் தெரியாது. அது அவர்கள் இருவரும் வீட்டில் பேசிக்கொள்ளவேண்டியது. டீ ஆறிப்போயிருந்ததால் என் மனைவி திரும்பப் போட்டாள்.

சேமிக்கும்போது கம்ப்யூட்டர் வழக்கம்போல என்ன பேர் என்று கேட்டுக்கொண்டு நின்றது. பழைய உறையில் அவள் பேரை நானே எழுதி வைத்திருந்தேன், மேஜைமேல் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதைப் பார்க்காமல், என்ன பேர் போடட்டும்மா என்று அவளைக் கேட்டேன்.

அவள் கை பையிலிருந்த அட்டைப் பக்கம் போனது. பாதியில் நின்றது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உதடு ஒட்டியது, திறந்தது, திரும்ப ஒட்டியது. எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும், அந்தப் பேரை அப்போதுதான் மூன்று தடவை கேட்டிருந்தோம். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வெளியே ரோட்டில் ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு, போயும்விட்டது. நான் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி எழுத்தும் அவள் வாயிலிருந்து வந்த பிறகுதான் முதல் எழுத்தைத் தட்டினேன்.